டிப்ஸ்டிக் காணாமல் போன பிறகு: ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை வீட்டில் மாற்றுவது பற்றி

தொண்ணூறுகளில் அமெரிக்காவில் விற்ற ஷெவர்லே பிக்கப் ஒன்றின் அடியில் போய்ப் படுத்தால், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கீழே அகலமான தகரத் தட்டு ஒன்று கண்ணில் படும். அதுதான் ஆயில் பான். சுற்றிலும் 16 போல்ட். கியர்பாக்ஸின் ஆயில் அதில்தான் தேங்கி நிற்கிறது, ஃபில்டரும் அதற்குள்தான் மூழ்கிக் கிடக்கிறது. ஆயிலை வடிப்பதற்கென்று தனி போல்ட் மட்டும் பல வண்டிகளில் கிடையாது. அதனால் வீட்டு வாசலில் இந்த வேலையைச் செய்கிறவர், மூன்று பக்கத்துப் போல்ட்டுகளைக் கழற்றி, மிச்சமிருப்பதைத் தளர்த்திவிட்டு, தட்டை ஒரு மூலையில் மெல்லச் சாய்க்கிறார். சுமார் 4.7 லிட்டர் சிவப்பு ஆயில் கீழே வைத்த பேசினில் விழ வேண்டும். முதல் தடவை செய்கிறவருக்கு அதில் கொஞ்சம் முழங்கை வழியாகச் சட்டைக்குள்ளும் போகும்.

அந்த கியர்பாக்ஸின் பெயர் 4எல்60இ. 1982இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த 700ஆர்4இன் வழித்தோன்றல். 1993இல் எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டோடு வந்தது. எண்ணற்ற பிக்கப், வேன், கார்களில் ஓடியதால் வீட்டிலேயே ஆயில் மாற்றுகிற அமெரிக்கர்களுக்கு அதுவே பழகும் களமாக ஆனது. அதில் இடறும் இடங்கள் எல்லாம் ஊரறிந்தவை. ஃபில்டரின் கழுத்து ஒரு ரப்பர் சீலுக்குள் அழுந்தி நிற்கும். ஃபில்டரை இழுக்கும்போது அது கையோடு வந்துவிடும், சீல் மட்டும் உள்ளே பம்ப்பின் துளையில் ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் புது சீலோடு புது ஃபில்டரை ஏற்றினால் எதுவும் சரியாக உட்காராது. பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சத் தொடங்கும். ஸ்க்ரூடிரைவரால் சீலை நெம்பும்போது அலுமினியத் துளையில் கீறல் விழுந்தாலும் அதே கதைதான். தட்டின் போல்ட்டுகளுக்குத் தேவையான இறுக்கம் சுமார் 11 நியூட்டன் மீட்டர், அதாவது மணிக்கட்டு பலம் போதும். ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் இன்னும் ஒரு திருகு திருகுகிறவர்கள்தான் தட்டின் விளிம்பை வளைத்து, ஒழுகலைத் தாங்களே உண்டாக்குகிறார்கள்.

பிறகு புது ஆயிலை மேலிருக்கும் குழாய் வழியாக ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் சூடானதும் மட்டம் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் வேலை முடிந்தது. கொஞ்சம் பொறுமையும் இரண்டு மூன்று ஸ்பானரும் உள்ள எவராலும் ஒரு பகலில் முடிகிற காரியம்.

இன்றைய கார்களில் இந்த வரிசையின் கடைசி வரிதான் மாறிவிட்டது. தட்டு இருக்கிறது, ஃபில்டர் இருக்கிறது, போல்ட்டுகளும் அப்படியே. டிப்ஸ்டிக்தான் இல்லை. வீட்டில் மாற்றலாமா கூடாதா என்ற கேள்விக்கு விடை, தட்டைக் கழற்றும் திறமையைவிட ஆயிலின் மட்டத்தை எப்படி அறிவது என்பதில்தான் பெரிதும் அடங்கியிருக்கிறது.

மட்டம் ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு, ஏடிஎஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த ஆயில் உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இன்ஜின் ஆயிலுக்குப் பெரும்பாலும் வழுக்கவைக்கும் வேலை. ஏடிஎஃப் பற்சக்கரங்களை வழுக்கவும் வைக்க வேண்டும், கிளட்ச் தகடுகளைச் சரியான கணத்தில் பிடிக்கவும் வைக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் தகடுகள் ஆயிலில் நனைந்தபடியேதான் வேலை செய்கின்றன. அவற்றை அழுத்தி இணைப்பதும் பம்ப் அனுப்பும் ஆயில் அழுத்தம்தான். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள டார்க் கன்வெர்ட்டரில் ஆற்றலே ஆயில் வழியாகத்தான் கடக்கிறது. அங்கே பிறக்கும் சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதே ஆயில். இத்தனைக்கும் நடுவில் ஆயிலில் காற்று கலந்தால் அழுத்தம் தளரும், தகடுகள் வழுக்கும், வழுக்கினால் எரியும். ஆயில் குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடுதலாக இருந்தால் சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். இரண்டு வழியும் போய்ச் சேரும் இடம் ஒன்றே.

மட்டத்தைச் சிக்கலாக்குவது வெப்பம். சூடானால் ஆயில் விரியும். ஒன்பது லிட்டர் ஆயில் 20 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸுக்கு ஏறினால் ஏறத்தாழ 400 மில்லி கூடுகிறது. காலையில் குளிர்ந்த வண்டியில் பார்த்த மட்டம் மாலைக்குப் பொருந்தாது. இதில் கம்பெனிக்குக் கம்பெனி வழக்கமும் வேறு. 4எல்60இயில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பார்க்கில் நிறுத்தி, ஆயில் 80 டிகிரிக்கு மேல் சூடான பிறகு பார்க்க வேண்டும். கிரைஸ்லரின் பழைய கியர்பாக்ஸ்கள் பலவற்றில் நியூட்ரலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹோண்டாவின் பல மாடல்களில் வண்டியைச் சூடாக்கி, இன்ஜினை நிறுத்தி, 60 முதல் 90 விநாடிக்குள் பார்த்துவிட வேண்டும். ஒரு கம்பெனி வண்டியில் பழகிய கையை இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் அரை லிட்டர் இப்படியோ அப்படியோ போவது சாதாரணம்.

டிப்ஸ்டிக் மறையத் தொடங்கியது தொண்ணூறுகளின் நடுவில். உரிமையாளர்கள் கண்ட ஆயிலை ஊற்றுகிறார்கள், அளவுக்கு மீறி நிரப்புகிறார்கள், குழாய் வழியாகத் தூசி போகிறது என்பது கம்பெனிகளின் வாதம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. மெர்சிடிஸின் 722.6 கியர்பாக்ஸில் டிப்ஸ்டிக் குழாய் இருந்தது, ஆனால் உள்ளே கம்பி இல்லை. மூடியில் உடைத்துத்தான் திறக்க முடிகிற பிளாஸ்டிக் பூட்டு ஒன்று. அளவுகோல் பட்டறையில் தனிக் கருவியாகத் தொங்கும். அடுத்து வந்த 722.9இல் குழாயும் போய், தட்டுக்குள் நிற்கும் ஒரு சிறு பிளாஸ்டிக் குழலே அளவுகோலானது. ஆயில் 45 டிகிரியில் இருக்கும்போது கீழ் போல்ட்டைத் திறந்தால், குழலின் உயரத்துக்கு மேல் இருப்பது வழிந்து வெளியேறும். மிஞ்சுவதே சரியான மட்டம்.

இந்த வழிதல் முறை இப்போது பரவலாகிவிட்டது. டொயோட்டாவின் டிப்ஸ்டிக் இல்லாத மாடல்கள் பலவற்றில், ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 4, 13 ஆகிய இரு பின்களை ஒரு சிறு வயரால் இணைத்து, கியர் லிவரை நியூட்ரலுக்கும் டிரைவுக்கும் இடையே நகர்த்தினால், டேஷ்போர்டின் டி விளக்கே தெர்மாமீட்டர் ஆகிவிடும். சூடு போதாதென்றால் அணைந்திருக்கும், சரியான சூட்டில் எரியும், மீறினால் சிமிட்டும். பட்டறையின் ஸ்கேனர் இல்லாமலே அளவு பார்க்க இப்படி ஒரு வாசல் இருப்பது பாராட்ட வேண்டிய விஷயம். பின்னை மாற்றி இணைத்தால் கதை வேறு. அதைவிட, வெப்பநிலையைக் காட்டும் சிறிய ஓபிடி கருவியும் அந்த மாடலைப் படிக்கத் தெரிந்த ஆப் ஒன்றும் வாங்கிக்கொள்வது நிம்மதி.

இங்கே பலரும் கோட்டை விடும் ஒரு சங்கதி உண்டு. வழிதல் முறைக்கு வண்டி சமமட்டத்தில் நிற்க வேண்டும். முன்சக்கரங்களை மட்டும் சாய்தளத்தில் ஏற்றிவிட்டு அடியில் நுழைகிறவர், ஆயில் மட்டத்தையும் சாய்த்தே அளக்கிறார். நான்கு மூலைக்கும் நான்கு ஸ்டாண்டு வேண்டும். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பி அடியில் படுக்கவே கூடாது. சமமான கான்கிரீட் தரை இல்லாத வாசலில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

சரி, மாற்றத்தான் வேண்டுமா? இந்த விஷயத்தில் கார் கம்பெனிக்கும் கியர்பாக்ஸ் செய்தவருக்கும் இடையிலேயே ஒத்த கருத்து இல்லை. ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்தின் ஆறு கியர் 6எச்பி26, 2001இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் வந்தது. வண்டியின் ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம் என்றே வாங்கியவர்களிடம் சொல்லப்பட்டது. ஆனால் அந்த கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. அதற்கான ஆயில், தட்டு, போல்ட் எல்லாம் சேர்ந்த பெட்டியையும் விற்கிறது. மெர்சிடிஸும் 722.6இன் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்று தொடங்கி, பின்னர் 60,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்லித் தன் பேச்சைத் திருத்திக்கொண்டது. ஆயில் மாற்றாத வண்டிக்குப் பராமரிப்புச் செலவு குறைவு என்று விளம்பரத்தில் காட்டலாம். ஏழாம் ஆண்டில் கியர்பாக்ஸ் உதறினால் அந்தச் செலவு இரண்டாவது உரிமையாளர் தலையில். இசட்எஃப் சொல்வதையே இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

கம்பெனிகளின் கையேட்டைப் பொறுமையாகப் படித்தால் அவையும் முழுதாக மறுக்கவில்லை என்று தெரியும். அமெரிக்காவில் டொயோட்டாவின் பல மாடல்களுக்குச் சாதாரண ஓட்டத்தில் ஆயில் மாற்றம் குறிப்பிடப்படுவதில்லை. சுமை இழுக்கிற வண்டிக்கு மட்டும் 60,000 மைல், அதாவது சுமார் 96,000 கிலோமீட்டர் என்று தனி வரி இருக்கும். கடும் பயன்பாடு என்ற தலைப்பில் பல கம்பெனிகள் அடுக்குவது கடும் வெயில், மலைப்பாதை, நின்று நின்று ஊரும் நெரிசல். மாலை நேரத்துச் சென்னை அண்ணாசாலையில் தினமும் ஓடும் ஆட்டோமேட்டிக் வண்டிக்குச் சாதாரண அட்டவணை எப்படிப் பொருந்தும்? 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரி ஏற்றத்துக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகிறது என்று பட்டறைகளில் நெடுங்காலமாக ஒரு கணக்கு உண்டு. அது தோராயம்தான். சூடு ஏற ஏற ஆயில் விரைந்து கெடும் என்பதில் மட்டும் யாருக்கும் ஐயம் இல்லை.

அடுத்தது எந்த ஆயில் என்ற கேள்வி. இதற்கு ஒரு சுவையான முன்கதை இருக்கிறது. முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பெருமளவில் விற்பனைக்கு வந்தது 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் காரில். ஹைட்ரா-மேட்டிக் என்று பெயர். அதற்கான ஆயிலுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் 1949இல் டைப் ஏ என்று ஒரு தரம் வகுத்தது. கிளட்ச் தகடுகள் உதறாமல் மென்மையாகப் பிடிக்க அந்தக் கால ஆயில்களில் ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய் சேர்க்கப்பட்டது. 1970இல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்த்து இறக்குமதிக்குக் கதவடைத்ததும், ஆயில் செய்பவர்கள் மாற்றுப் பொருள் தேடி ஓடினார்கள். கார் கியர்பாக்ஸுக்கும் கடல் விலங்குக்கும் இப்படி ஒரு முடிச்சு இருந்ததை இன்று பல மெக்கானிக்குகளே நம்ப மாட்டார்கள்.

1967இல் டெக்ஸ்ரான் வந்தது. ஃபோர்டின் டைப் எஃப் ஆயிலோ அப்படி மென்மையாக்கும் சேர்மானம் இல்லாமல், தகடுகள் சட்டென்று பிடிக்கும்படி அமைந்தது. இரண்டும் சிவப்பு, இரண்டும் ஆட்டோமேட்டிக் ஆயில். மாற்றி ஊற்றினால் ஒன்றில் கியர் உதைக்கும், மற்றதில் வழுக்கும். அன்று இரண்டு மூன்றாக இருந்த தரங்கள் இன்று டொயோட்டாவுக்கு டபிள்யூஎஸ், ஹோண்டாவுக்கு டிடபிள்யூ-1, கிரைஸ்லருக்கு ஏடிஎஃப்+4, இசட்எஃப்புக்கு லைஃப்கார்டு என்று பெருகிக் கிடக்கின்றன. டெக்ஸ்ரான் 3 என்ற தரத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸ் உரிமம் கொடுப்பது 2006 முடிவோடு நின்றுபோனது. ஆனாலும் அந்தப் பெயர் போட்ட டப்பாக்கள் கடைகளில் இன்றும் நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் கம்பெனியின் சோதனை எதுவும் இல்லை. நிறமும் துணை செய்யாது. சிவப்புச் சாயம் ஒழுகல் எங்கிருந்து என்று காட்டுவதற்காகச் சேர்த்தது. எட்டு கியர் இசட்எஃப்பின் ஆயில் பச்சை.

எல்லா வண்டிக்கும் ஏற்றது என்று அட்டையில் நீளப் பட்டியல் போட்ட ஆயில்களில் நல்லவையும் உண்டு. ஆனால் வீட்டில் செய்து கூலியை மிச்சம் பிடிக்கிறவர், அந்த மிச்சத்தில் கொஞ்சத்தைக் கையேடு சொல்லும் ஆயிலுக்கே கொடுத்துவிடலாம். கம்பெனியே ஆயில் தேர்வில் சறுக்கியதும் உண்டு. ஃபோக்ஸ்வாகன் 2013 நவம்பரில் ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) வண்டிகளைத் திரும்ப அழைத்து, கியர்பாக்ஸில் இருந்த செயற்கை ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றியது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் அந்தச் செயற்கை ஆயில் மின்கோளாறுக்கு இடம் கொடுத்ததுதான் காரணம்.

வண்டியில் இருப்பது உண்மையில் எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று தெரியாமல் ஆயில் வாங்கக் கிளம்புகிறவர்களும் உண்டு. மாருதி 2014இல் செலிரியோவோடு கொண்டுவந்த ஏஎம்டியில் கிளட்ச் பெடல் இல்லை, ஆனால் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்சை அழுத்துவதையும் கியர் மாற்றுவதையும் ஓர் ஆக்சுவேட்டர் செய்கிறது. அதில் ஏடிஎஃப் இல்லை, ஃபில்டர் தட்டும் இல்லை. கியர் ஆயில் தனி, ஆக்சுவேட்டரின் ஹைட்ராலிக் ஆயில் தனி. சிவிடியில் எஃகுப் பெல்ட்டும் கப்பிகளும். அதற்கு ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கி கியர்பாக்ஸே போய்விடும். நிசான் வண்டிகளில் வரும் ஜாட்கோ சிவிடிகள் சிலவற்றில் ஃபில்டர் இரண்டு: தட்டுக்குள் வலை ஒன்று, ஆயில் கூலருக்குப் பின்னால் சின்னக் காகித ஃபில்டர் இன்னொன்று. இரண்டாவது இருப்பதே தெரியாமல் வேலையை முடித்துவிடுகிறவர்கள் நிறைய. 2007 முதல் 2010 வரையிலான மாடல்களின் சிவிடிக்கு நிசான் அமெரிக்காவில் வாரன்டியைப் பத்து ஆண்டு அல்லது 1,20,000 மைலாக நீட்டியது. அந்த வண்டிகளுக்கு ஆயில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆறு கியர் ஈரக் கிளட்ச் டிஎஸ்ஜிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றக் கம்பெனியே சொல்கிறது. ஃபில்டர் மேலே தனிக் கூட்டில் இருக்கிறது, எடுப்பது சுலபம். ஆயிலைக் கீழிருந்து மேலே ஏற்ற ஓர் அடாப்டரும், 35 முதல் 45 டிகிரிக்குள் அளக்க ஸ்கேனரும் தேவை. ஹோண்டாவின் வழக்கமான ஆட்டோமேட்டிக்குகள் பலவற்றில் உள் ஃபில்டரை எடுக்க கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டும். ஆகவே வீட்டு வேலை என்பது வடித்து ஊற்றுவதோடு நிற்கும். இலங்கைத் தெருக்களில் நிறைய ஓடும் டொயோட்டா ப்ரியஸ், அக்வா இரண்டும் இந்த வரிசையில் மிக எளியவை. வடிக்க ஒரு போல்ட், ஊற்ற ஒரு போல்ட். ஊற்றும் துளையில் வழியும்வரை டபிள்யூஎஸ் ஆயிலை ஊற்றி, புது வாஷர் போட்டு மூடினால் தீர்ந்தது. வெளியிலிருந்து மாற்றும் ஃபில்டர் அவற்றில் கிடையாது. ஹைப்ரிட் என்றாலே பயந்து ஒதுங்குகிற உரிமையாளர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

முதல் போல்ட்டில் கைவைக்கும் முன் ஊற்றும் துளை திறக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வடிகால் போல்ட் சுலபமாகக் கழன்று, ஆயில் முழுக்க வடிந்த பிறகு, ஊற்றும் போல்ட் துருப்பிடித்து அசையாமல் நின்றால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அது சரியான போல்ட்தானா என்பதும் முக்கியம். சுபாருவில் இன்ஜின் ஆயில் என்று நினைத்து கியர்பாக்ஸ் ஆயிலை வடித்துவிட்டு, இன்ஜினில் கூடுதலாக ஊற்றியவர்களின் கதை ஏராளம். அந்தக் கம்பெனியின் சில மாடல்களில் கியர்பாக்ஸ் ஃபில்டரும் இன்ஜின் ஃபில்டர் போலவே வெளியே திருகி நிற்பதால் குழப்பம் இரட்டிப்பு. கையில் வெதுவெதுப்பாக உணரும் சூட்டில் வடித்தால் ஆயில் நன்றாக ஓடும். ஓடி நின்ற உடனே திறந்தால் கை வெந்துவிடும்.

வடித்த ஆயிலை அளந்து வைப்பது இந்த வேலையின் பெரிய தந்திரம். முன்பு மட்டம் சரியாக இருந்திருந்தால், வெளியே வந்த அளவையே அதே சூட்டில் திரும்ப ஊற்றினால் கிட்டத்தட்ட சரியான இடத்துக்கு வந்துவிடும். வெப்பநிலை பார்த்துச் செய்யும் அளவு பிறகு மில்லிக் கணக்கில் திருத்துவதுதான். பேசினில் சிந்தியதையும் ஃபில்டருக்குள் தங்கியதையும் கணக்கில் சேர்க்க மறந்தால் இந்தத் தந்திரம் பொய்த்துப்போகும்.

கழற்றிய தட்டின் அடியில் ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். வேலையின் மிகச் சுவையான இடம் அதுதான். காந்தத்தில் சாம்பல் நிற மைபோல் படிந்திருப்பது தகடுகளும் பற்சக்கரங்களும் இயல்பாகத் தேய்ந்த தூள், துடைத்துவிட்டு மாட்டலாம். விரலில் உரசும் துணுக்கு, செதில், ஊசிபோன்ற துண்டு தென்பட்டால் பேரிங்கிலோ பற்சக்கரத்திலோ ஏதோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாமல் தட்டில் மின்னும் வெண்கல நிறத் துகள் புஷ் தேய்வதைச் சொல்லும். கருப்புத் துகளும் தீய்ந்த வாடையும் கிளட்ச் எரிந்ததன் அடையாளம். பழைய ஃபோர்டுகள் சிலவற்றில் முதல் தடவை தட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடி கிடைக்கும். உள்ளே எதுவும் உடைந்துவிடவில்லை. தொழிற்சாலையில் டிப்ஸ்டிக் துளையை அடைத்து வைத்திருந்த மூடி, குழாயை மாட்டும்போது உள்ளே தள்ளப்பட்டது. தூக்கி எறியலாம்.

வடித்த ஆயில் வேறு நிறத்தில் வருவதும் உண்டு. ரேடியேட்டருக்குள்ளேயே கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிரவைக்கும் பகுதி இருக்கும் வண்டிகளில், அது உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் ஆயிலில் கலந்து, ஆயில் ரோஸ்மில்க் போல வரும். 2005 முதல் 2010 வரையிலான நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெர்ரா, ஃப்ரன்டியர் வண்டிகளில் இது பரவலாகி, நிசான் ரேடியேட்டர் வாரன்டியை நீட்ட நேர்ந்தது. அந்த நிறத்தைப் பார்த்த பிறகு புது ஆயில் ஊற்றுவதில் பயனில்லை. நீர் பட்ட கிளட்ச் தகடுகளின் பசை பிடிப்பை இழந்திருக்கும். வேலையை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

தட்டை இறக்கினால் எல்லா ஆயிலும் வந்துவிடாது. பெரும்பகுதி டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடுகிறது. 4எல்60இயின் மொத்தக் கொள்ளளவு சுமார் 10.6 லிட்டர். ஒரு தடவை 4.7 லிட்டர் மாற்றினால் 44 சதவீதம்தான் புதிது. கொஞ்சம் ஓட்டிவிட்டு இரண்டாவது தடவை மாற்றினால் 69, மூன்றாவதில் 82. ஃபில்டரை முதல் தடவை மாற்றினால் போதும். ஆயில் வீணாகிறதே என்று தோன்றும். ஆனால் வீட்டில் செய்கிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. ஃபோர்டு கிரவுன் விக்டோரியா போன்ற சில வண்டிகளில் கன்வெர்ட்டருக்கே வடிகால் போல்ட் இருந்தது. இன்ஜினைக் கையால் சுற்றி அந்தப் போல்ட்டை அடித்துளைக்கு நேராகக் கொண்டுவந்தால் முழு ஆயிலையும் வடித்துவிடலாம். அந்த வசதி இப்போது மிக அரிது.

கூலரிலிருந்து திரும்பும் குழாயைக் கழற்றி வாளியில் விட்டு, இன்ஜினை ஓடவிட்டு, பழையது வர வரப் புதியதை ஊற்றுவது இன்னொரு முறை. முழு ஆயிலும் மாறும். ஆனால் ஒருவர் ஸ்டியரிங்கில், ஒருவர் வாளிக்கு அருகில் என்று இருவர் வேண்டும். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு லிட்டர் வெளியேறிவிடும். ஊற்றுவது பிந்தினால் பம்ப் வறண்டு சுழலும். அதுவும் டிப்ஸ்டிக் குழாய் உள்ள பழைய வண்டிகளுக்குத்தான் ஓரளவு ஒத்துவரும். ஒரு வாளி ஆயிலை மிச்சம் பிடிப்பதற்காக இதில் இறங்குவது வீண் துணிச்சல்.

பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் செத்துவிடும் என்ற பேச்சையும் எடுத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த தகடுகளின் தூள் பழைய ஆயிலில் மிதந்து பிடிப்பைக் கொடுக்கிறது, புது ஆயிலில் அது போய்விடுகிறது என்பார்கள். புது ஆயில் பழைய படிவுகளைக் கரைத்து, ஆயிலைப் பாதை பிரித்து அனுப்பும் வால்வு பாடியை அடைத்துவிடும் என்பது இரண்டாவது விளக்கம். இரண்டிலும் ஒரு துளி உண்மை இருக்கலாம். ஆனால் ஆயில் மாற்றிய பின் இறந்த கியர்பாக்ஸ்களின் கதைகளில் பெரும்பாலும் ஒரு பொது அம்சம் உண்டு: வண்டி முன்பே வழுக்கத் தொடங்கியிருந்தது, அதனால்தான் ஆயிலை மாற்றினார்கள். நோய் முற்றிய பிறகு தொடங்கிய மருந்தின் மீது பழி விழுகிறது. கியர் ஒழுங்காக மாறும், ஆயிலில் தீய்ந்த வாடை இல்லாத வண்டிக்கு, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும், அழுத்தத்தோடு கழுவும் மெஷினை விட்டுவிட்டு வெறுமனே வடித்து ஊற்றுவது பயப்படும்படியான காரியம் இல்லை. ஏற்கெனவே வழுக்கும் வண்டியில் ஆயில் மாற்றம் எதையும் காப்பாற்றாது.

வாரன்டி உள்ள வண்டியைத் தொடலாமா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் சட்டமே பதில் வைத்திருக்கிறது. 1975இன் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, உரிமையாளர் தானே பராமரித்தார் என்பதை மட்டும் காட்டி வாரன்டியை மறுக்க முடியாது. சரியான ஆயில் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. இந்தியாவில் வாரன்டி முடியும்வரை கம்பெனி சர்வீஸிலேயே விட்டுவிடுவது நடைமுறைக்கு நல்லது.

பேசினில் தேங்கிய பழைய ஆயில் கடைசிக் கவலை. அமெரிக்காவில் ஆட்டோசோன் போன்ற உதிரிபாகக் கடைகள் அதைக் காசு வாங்காமல் எடுத்துக்கொள்கின்றன. வீட்டு வாசல் வேலை அங்கே இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் பழைய ஆயிலையும் தம் பட்டியலில் வைத்திருக்கின்றன, ஆனால் தனிமனிதர் ஐந்து லிட்டர் கேனோடு போய் நிற்க ஒரு கவுன்டர் இல்லை. மறுசுத்திகரிப்பவர்களுக்கு டிரம் கணக்கில் கொடுக்கும் பட்டறையோடு முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆயில் வாங்கும் நாளிலேயே அதையும் கேட்டுவிட்டால், பழைய கேன் மாடிப்படிக்கு அடியில் வருஷக்கணக்கில் கிடக்காது.